மாவு ஊசவில்லை: சயான் கோலிவாடா வீடு ஒன்றில் பூனை வாடையைத் தேடிய கதை

புகார் முதலில் பூனைமேல் வரவில்லை. மாவின்மேல்தான் வந்தது.

மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் மூன்றாம் மாடியில் இட்லி மாவு அரைத்து விற்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஜூன் மூன்றாம் வாரம். மழை பிடித்து ஐந்தாறு நாட்கள் ஆகியிருந்தன. வழக்கமாக மாவு வாங்குகிற ஒருவர் வாசலில் நின்று தூக்குவாளியைத் திறந்து முகர்ந்தார். "ஊசிவிட்டதா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று காலை பொங்கிய மாவு அது. மறுநாள் இன்னொருவர். அந்த வீட்டுப் பெண்மணி இரண்டு நாள் மாவை அப்படியே கொட்டினார், கிரைண்டர் கல்லைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்தார், உளுந்து வாங்கும் கடையைக்கூட மாற்றினார். மூன்றாம் நாள் அவருடைய மாமியார்தான் வழக்கைத் திருப்பினார். "மாவில் ஒன்றும் இல்லை. வீடுதான் நாறுகிறது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. "அண்ணாச்சி, கொஞ்சம் மேலே வந்து உங்கள் மூக்கைக் கொடுங்கள்."

என் மூக்குக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு மரியாதை உண்டு. ஓய்வு பெறும்வரை துணி பதப்படுத்தும் ஆலைகளில் சாயப் பிரிவு ஆய்வகத்தில் இருந்தவன். எரிவாயு கசிகிறதா, எலி செத்துக் கிடக்கிறதா என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உண்மையில் என் மூக்கில் பாதி சாயத்தோடு போய்விட்டது. இந்த வழக்கில் என்னைவிட நல்ல மூக்கு அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது பின்னால் வரும்.

வீடும் பூனையும்

ஒன் ரூம் கிச்சன். ஓர் அறை, அதன் முடிவில் கம்பி போட்ட கேலரி, பக்கத்தில் சமையலறை, சமையலறை மூலையில் பாத்திரம் கழுவும் மோரி. நான்கு பேர், ஒரு கிரைண்டர், ஒரு பூனை. அறையில் பழைய மோசைக் தரை. சமையல் மேடை கடப்பாக்கல். கேலரிக் கதவை ஒட்டி இரும்பு பீரோ, அது துருப்பிடிக்காமல் இருக்க அடியில் ஒரு மரப்பலகை. பையன் படுக்கும் பஞ்சு மெத்தை பகலில் சுருட்டப்பட்டு பீரோவின் மறுபக்கம் நிற்கும்.

பூனையின் பெயர் சுக்கு, நிறமும் அதுதான். முந்தைய அக்டோபரில் மாடிப்படிக்கு அடியிலிருந்து பையன் தூக்கிவந்த குட்டி, இப்போது பத்து மாதக் கடுவன். கருத்தடை செய்யவில்லை. மோரியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மணல். குட்டியாக இருந்தபோது அந்தத் தொட்டியைத் தவிர வேறெங்கும் போனதில்லை என்று வீட்டார் அடித்துச் சொன்னார்கள். அது பொய்யில்லை என்று பிறகு தெரிந்தது.

நான் உள்ளே நுழைந்தபோது எனக்கு முதலில் எட்டியது பூனை அல்ல. பினாயில், அதன்மேல் ஊதுவத்தி, அதன்மேல் கற்பூரம், பீரோவுக்குள்ளிருந்து பாச்சை உருண்டை. இத்தனைக்கும் நடுவில்தான் மூலப் பொருளைத் தேட வேண்டியிருந்தது. முந்தைய வாரம் ஒரு மாலை பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரையில் ஊற்றியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் கண் எரிந்து, மாமியார்ப் பாட்டிக்கு இருமல் பிடித்து, வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு எழும். பெரிய அறையாக இருந்து சன்னல் திறந்திருந்தால் தப்பிக்கலாம். மழைக்குச் சாத்திய ஒற்றை அறையில் அது விளையாட்டல்ல. பூனை கழித்த இடத்தில் பிளீச் ஊற்றாதீர்கள் என்பதை இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்காதவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் மழையில்?

இதற்கு விடை வைத்திருந்தவர் அந்த வீட்டுக்காரர்தான். தமக்குத் தெரியாமலேயே வைத்திருந்தார். ஊரில் அவருடைய அப்பா உரக்கடை வைத்திருந்தவர். மழைக்காலத்தில் யூரியா மூட்டை என்ன ஆகும் என்று கேட்டேன். "கசியும், பிறகு கட்டிதட்டிவிடும்" என்றார். அதேதான். பூனையின் சிறுநீரில் இருக்கும் முக்கியமான பொருள்களில் ஒன்று யூரியா. அது காய்ந்த நிலையில் பேசாமல் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டை நன்றாகத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று அந்த அளவுக்கு மேல்தான் நிற்கிறது. ஈரம் வந்ததும் நுண்ணுயிர்களுக்கு வேலை வந்துவிடுகிறது. யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. கோடையில் வைத்த கறை ஜூனில் நாறுவது அதனால்தான். மே மாதம் முழுக்கச் சன்னல் திறந்து கிடந்ததும் ஒரு காரணம்.

அம்மோனியா பாதிக் கதைதான். எல்லா மிருகத்தின் சிறுநீரிலும் அம்மோனியா எழும். பூனையுடையது மட்டும் ஏன் பூனையுடையதாகவே இருக்கிறது? பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது. அதற்குத் தனியாக வாடை கிடையாது. வெளியே வந்து நாளாக ஆக உடைந்து, கந்தகச் சேர்மங்களை நிதானமாக வெளியேற்றுகிறது. மிகமிகச் சிறிய அளவிலேயே மனித மூக்கு பிடித்துக்கொள்ளும் வகைச் சேர்மங்கள் அவை. கருத்தடை செய்யாத கடுவனிடம் ஃபெலினின் மிக அதிகம். ஆண்மைச் சுரப்போடு நேரடியாகத் தொடர்புள்ளது.

பூனை வாடை என்றதும் யூரிக் அமிலப் படிகங்கள் என்று ஒரு விளக்கம் ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யூரிக் அமிலத்துக்கு வாடையே கிடையாது. அதை உடைக்கும் நொதி மனிதருக்குத்தான் இல்லை. பூனைக்கு உண்டு, பெரும்பகுதியை அது உடலுக்குள்ளேயே வேறு பொருளாக்கிவிடுகிறது.

அம்மோனியா, கந்தகம் என்ற இந்த இரண்டு வாடைகளையும் பாட்டி எனக்கு முன்பே பிரித்து வைத்திருந்தார். "காலையில் கதவைத் திறந்தால் நெடி அடிக்கிறது. சிறிது நேரத்தில் அது போய்விடும். போகாமல் நிற்பது வீச்சம்." நெடி, வீச்சம். மூக்கில் ஏறிக் குத்துவது ஒன்று. பச்சையாய், கவுச்சியாய்ப் படிந்து நிற்பது மற்றொன்று. அம்மோனியாவும் கந்தகச் சேர்மமும் என்று நான் நோட்டில் எழுதியதை அவர் இரண்டு தமிழ்ச் சொல்லில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நானும் அந்தச் சொற்களையே பயன்படுத்தினேன். வீட்டு மருந்துகளில் பாதி நெடியை மட்டுமே தீர்ப்பவை என்பது அப்போதுதான் எனக்கே தெளிவாயிற்று.

இடம் கண்டுபிடித்தது

எதைக் கொண்டு கழுவுவது என்று கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால் எங்கே கழுவுவது என்று கேட்பவர் ஒருவர்கூட இல்லை. இந்த வீட்டிலும் தரை முழுவதையும் நாளுக்கு இரண்டு முறை துடைத்திருக்கிறார்கள். துடைத்த பரப்பில்தான் ஒன்றுமே இல்லை.

பினாயிலையும் ஊதுவத்தியையும் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் நாள் வீட்டாரை மூன்று மணி நேரம் வெளியே அனுப்பி, சன்னல்களைச் சாத்திவைத்தோம். உள்ளேயே இருந்தால் மூக்கு பழகிப்போகும். பிறகு பாட்டியும் நானும் உள்ளே வந்தோம். வெந்நீரில் பிழிந்த வெள்ளைத் துணியைச் சந்தேகப்படும் இடத்தில் ஒற்றி, அரை நிமிடம் அழுத்தி, எடுத்து முகர்வது: இதுதான் முறை. வெந்நீர் ஈரம் காய்ந்த கறையை எழுப்பிவிடும். நான் தரையோடு தவழ்ந்து ஒற்றினேன். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து முகர்ந்து தீர்ப்புச் சொன்னார்.

கூடவே லாமிங்டன் ரோட்டில் வாங்கிய, கள்ள நோட்டு பார்க்கும் ஊதாக் கதிர் டார்ச். இருட்டில் அடித்தால் பழைய சிறுநீர்க் கறை மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். பையன் டார்ச்சை வாங்கி அடித்ததும் அலறிவிட்டான்: மெத்தை உறை முழுக்க ஒளிர்ந்தது, அவனுடைய பள்ளிச் சட்டையும் ஒளிர்ந்தது. அது பூனையல்ல, சலவைத்தூளில் இருக்கும் வெளுப்பூட்டி. பளீரென்று நீலவெள்ளையாக எரியும். சாய ஆய்வகத்தில் எங்களுக்கு அது தினசரிக் காட்சி. டார்ச்சை மட்டும் நம்பினால் வீட்டிலுள்ள அத்தனை வெள்ளைத் துணியையும் தூக்கிப்போட வேண்டிவரும். டார்ச் சந்தேகத்தைக் காட்டும், தீர்ப்பு மூக்குடையது.

மூன்று இடங்கள் அகப்பட்டன. மெத்தையின் கால்மாட்டில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு திட்டு, உள்ளே பஞ்சு வரை இறங்கியது. பீரோவின் பக்கவாட்டிலும் அதை ஒட்டிய டிஸ்டெம்பர் சுவரிலும் தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே தொடங்கி, கீழே ஒழுகிக் காய்ந்த கோடுகள். பத்துப் பதினைந்து இருக்கும். அவை ஒழுகி இறங்கிய இடத்தில் மோசைக் கற்களின் இடுக்கு.

நான்காவதாக ஒன்றும் அகப்பட்டது. அது இல்லாமையால் அகப்பட்டது. மோரியிலிருந்த பூனைத் தொட்டியில் சிறுநீர் வாடையே இல்லை. மணல் புதுக்கருக்கோடு இருந்தது. தொட்டியை முகர்ந்தேன்: கருப்பு பினாயில். மே மாதத்தில் மோரியில் கரப்பான் தொல்லை வந்ததிலிருந்து, தினமும் காலையில் தொட்டியையும் பினாயில் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். சுத்தத்துக்காகத்தான். பினாயில் வாடை அடிக்கும் தொட்டிக்குள் பூனை காலை வைக்காது. வேறு மெத்தென்ற இடம் தேடியிருக்கிறது, மெத்தை கிடைத்திருக்கிறது. மெத்தை நாறியதும் வீட்டில் பினாயில் கூடியிருக்கிறது. தொட்டிக்கும் ஒரு மூடி சேர்ந்திருக்கிறது.

சுவரில் இருந்த கோடுகள் வேறு கதை. கழிப்பது தரையில் தேங்கும். எல்லை குறிப்பது வாலைத் தூக்கிப் பின்னோக்கிச் சுவரில் பீய்ச்சப்படும். உயரமும் ஒழுகலும் அதைச் சொல்லிவிட்டன. கேலரிக் கம்பியில் தெருக் கடுவன் ஒன்று மீன் தலைக்காக மாலைதோறும் வந்து உட்கார்வதைப் பையன் சொன்னான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுக்கு உள்ளேயிருந்து பதில் எழுதியிருக்கிறது.

ஊறுகாய்ப் பாட்டில் சோதனை

திங்கட்கிழமை சுக்கு மறுபடியும் மெத்தையில் போனது; விரித்திருந்த கட்டம் போட்ட போர்வை முழுக்க நனைந்தது. வீட்டில் எல்லோரும் தலையில் கைவைத்தார்கள். எனக்கு மட்டும் உள்ளூர மகிழ்ச்சி. ஒரே கறை படிந்த ஒரே துணி கிடைப்பது அரிது. ஒரு நாள் காயவிட்டு, உள்ளங்கை அளவில் ஐந்து துண்டு வெட்டிக்கொண்டேன்.

ஒன்றாம் துண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்குச் சமையல் வினிகரும் அதே அளவு தண்ணீரும். மூன்றாவதற்கு எல்லோரும் சொல்லும் வினிகரும் ஆப்பச் சோடாவும் கலந்த நுரை. நான்காவதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆப்பச் சோடா, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். ஐந்தாவதற்கு இரண்டாம் மாடியில் ஆரஞ்சுத் தோலை வெல்லத்தோடு மூன்று மாதம் ஊறவைத்துத் தயாரிக்கும் நொதிக் கரைசல். அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, மின்விசிறியின் கீழ் காயவைத்தோம். மழைக்காலத்தில் உள்ளங்கை அளவு துணி காயவே ஒன்றரை நாள் பிடித்தது. பிறகு ஒவ்வொன்றையும் கழுவிய ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் தெளித்து, இரவு முழுக்க மூடிவைத்தோம். எண் பாட்டிலின் அடியில். எது எதென்று தெரிந்த நான் முகரவில்லை. முகர்ந்தவர்கள் பாட்டி, பையன், பூனையே வளர்க்காத நான்காம் மாடிப் பெண்மணி.

பாட்டி சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். ஒன்று: "நெடியும் இருக்கிறது, வீச்சமும் இருக்கிறது." இரண்டு: "நெடி இல்லை. வீச்சம் அப்படியே." மூன்று: "ஒன்றாவதின் தங்கை." நான்கு: "நனைந்த துணி வாடை. பூனை எங்கோ இரண்டு தெரு தள்ளி." ஐந்து: "பூனையை ஊறுகாய் போட்டது போல." மற்ற இருவரும் நான்காவதையே முதலில் வைத்தார்கள். பையனால் இரண்டையும் மூன்றையும் பிரிக்க முடியவில்லை; மூக்கடைப்பு என்றான்.

வினிகர் அம்மோனியாவோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறுகிறது. நெடி போனது அதனால். கந்தகத்தை அது தொடவே இல்லை. மூன்றாவது தோற்றதில் வியப்பே இல்லை. 4 விழுக்காடு வினிகர் 100 மில்லியைச் செல்லாக்காசாக்க ஐந்தரை கிராம், அதாவது ஒரு சிறுகரண்டிக்குச் சற்று மேல் ஆப்பச் சோடா போதும். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். நடப்பது இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதுதான். மிஞ்சுவது உப்புத் தண்ணீர். தனித்தனியாக, ஒன்றை அலசிவிட்டு மற்றதைப் போடுவதில் அர்த்தம் உண்டு. ஆரஞ்சுத் தோல் கரைசலும் அடிப்படையில் புளித்த அமிலம்தான். தரை துடைக்க நல்லது. பூனை புழங்கும் இடத்தில் வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்கள் பூனைக்கு ஆகாதவை. இரண்டாம் மாடிக்காரர் இதைக் கேட்டு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

பெராக்சைடு எனக்குப் பழைய நண்பர். கோராத் துணியை வெளுக்க ஆலையில் நாங்கள் பீப்பாய் கணக்கில் ஊற்றியது அதைத்தான். காரம் சேர்ந்தால்தான் அதற்கு வேகம் வரும். வீட்டுக் கலவையில் அந்த வேலையை ஆப்பச் சோடா செய்கிறது. கந்தகச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்து வாடையில்லாத பொருளாக்கிவிடும். சோப்பு, கறைக்குள் இறங்க வழி விடும். இந்தக் கலவை பூனைக்காகப் பிறந்ததல்ல. 1993-இல் பால் கிரேபாம் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஸ்கங்க் என்னும் நாற்றப்பிராணியின் வாடையைப் போக்கச் சொன்னது. அந்த வாடையும் கந்தகம்தான். இந்தக் கலவையைப் பாட்டிலில் அடைத்து யாராலும் விற்க முடியவில்லை. கலந்த நிமிடத்திலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், அடைத்தால் வெடிக்கும்.

அளவில் நம்மவர்கள் ஓரிடத்தில் தவறுகிறார்கள். கிரேபாமின் குறிப்பு 3 விழுக்காடு பெராக்சைடுக்கானது. நம் மருந்துக்கடைப் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது 6 விழுக்காடு. 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். ஆகவே பாதிக்குப் பாதி தண்ணீர். 200 மில்லி பெராக்சைடு, 200 மில்லி தண்ணீர், குவித்த ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா, அரைச் சிறுகரண்டி சோப்புத் திரவம். கையுறை போட்டு, அகலமான திறந்த பாத்திரத்தில், வேண்டும்போது மட்டும் கலக்க வேண்டும். வினிகரை இதனோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் வேறொரு அமிலம் உண்டாகும். சாயம் போகும் என்பதையும் மறைக்க மாட்டேன். நான்காம் துண்டில் நீலக் கட்டங்கள் வெளிறி, பாதி ஆகாய நிறமாகிவிட்டன. மறைவான மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் பட்டுப்புடவைப் பக்கம் போக வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவைத்திருந்தும், மிச்சக் கலவையைப் பையன் ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடிவைத்துவிட்டான். இரவு ஒன்றரை மணிக்கு மூடி கூரையில் அடித்தது. சுக்கு பீரோவின்மேல் ஏறி விடியும்வரை இறங்கவில்லை.

கழுவியது

மெத்தையின்மேல் எதையும் ஊற்ற நான் சம்மதிக்கவில்லை. பஞ்சுக்குள் இறங்கிய ஈரம் ஜூலை மாத மும்பையில் காயாது; பூனை போய்ப் பூஞ்சை வரும். ஓரத் தையலைப் பிரித்து, கால்மாட்டில் நனைந்து கட்டிதட்டிய பஞ்சை மட்டும் எடுத்து எறிந்தோம். வில்லோடு தெருவில் வரும் பஞ்சு கொட்டுபவரைப் பிடித்து, மீதியை உதறிக் கொட்டி, புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்தாயிற்று. ரப்பர் நுரை மெத்தையாக இருந்திருந்தால் இந்த வழியே இல்லை. உறையை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து (வெந்நீர் பட்டால் சிறுநீரிலுள்ள புரதம் நூலோடு பிடித்துக்கொள்ளும்), பிறகு கலவையில் அரை மணி நேரம் வைத்து அலசினோம்.

பீரோவை நோக வேண்டியதில்லை. எனாமல் பூச்சு எதையும் உள்ளே விடவில்லை. சோப்புத் தண்ணீர், ஒரு முறை கலவை, ஈரத்துணி, முடிந்தது. மோசைக் இடுக்குகளில் கலவையை நனைத்த துணியைப் பரப்பிக் கால் மணி நேரம் விட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து, இரண்டு முறை வெறும் தண்ணீரில் துடைத்தோம். தரையில் வினிகர் கூடாது. மோசைக்கில் இருப்பது சிமெண்டும் சலவைக்கல் சில்லும், கடப்பாக்கல்லோ சுண்ணாம்புக்கல். இரண்டையும் அமிலம் தின்னும். சமையல் மேடையில் அந்தப் பெண்மணி முன்பே வினிகர் ஊற்றிய இடத்தில் இரண்டு வெளிறிய திட்டுகள் இருக்கின்றன, அவை இனிப் போகா.

சுவர்தான் பாடுபடுத்தியது. டிஸ்டெம்பர் ஈரத்தில் கரைந்து கையோடு வந்தது, வாடை அடியிலுள்ள பூச்சுக்குள் நின்றது. கலவையை இருமுறை தெளித்து, இடையில் இரண்டு நாள் காயவிட்டு, சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் அடித்தோம். மழையில் பெயிண்ட் அடிப்பவனை ஊர் சிரிக்கும், சிரித்தது. இத்தனை நாளும் காயும்வரை பூனை என் வீட்டில்.

பூனைப் பக்கம்

பரேலில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் விலங்கு மருத்துவமனைக்குச் சுக்குவைக் கூடையில் கொண்டுபோனார்கள். கழிக்கும் இடம் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்ப்பாதை நோய். அதிலும் கடுவன் முக்கியும் சொட்டு வராமல் நின்றால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போகும். சுக்குவின் சிறுநீரில் இரத்தமோ கல்லோ இல்லை. மருத்துவர் அடுத்துக் கேட்டது பினாயிலைப் பற்றி. பூனையின் ஈரலால் ஃபீனால் வகைப் பொருள்களை சரிவர முறித்து வெளியேற்ற முடிவதில்லை. தரையில் மிதித்ததைப் பாதத்தோடு நக்கினாலே உள்ளே போய்விடும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். இரண்டும் அன்றே வீட்டைவிட்டுப் போயின.

ஜூலையில் கருத்தடை அறுவை நடந்தது. சுவரில் பீய்ச்சுவது மறுநாளே நிற்கவில்லை. படிப்படியாகக் குறைந்து, ஆறாவது வாரத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. மோரியில் புதுத் தொட்டி, வெந்நீரிலும் சோப்பிலும் மட்டும் கழுவப்பட்டது, கேலரியில் இரண்டாவது. முதல் இரவே சுக்கு தொட்டிக்குப் போனது. பையன் மணலைக் கிளறும் சத்தம் கேட்டு எழுந்து எல்லோரையும் எழுப்பியிருக்கிறான். மீன் தலை போடுவதை நிறுத்தியதும் தெருக் கடுவன் கேலரிக்கு வருவதும் குறைந்தது.

பின்தொடர்ந்து பார்த்தது

ஆகஸ்டில் விடாமல் மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, சன்னல்களைச் சாத்தி மறுபடி மூன்று மணி நேரச் சோதனை வைத்தோம். பையன் ஒன்றுமில்லை என்றான். நான்காம் மாடிப் பெண்மணி பெயிண்ட் வாடை என்றார். பாட்டி அறை நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "நெடி போய்விட்டது. வீச்சம் இருக்கிறது. காலடியில் இருக்கிறது" என்றார்.

தரையை ஒற்றினோம், இல்லை. சுவரை ஒற்றினோம், இல்லை. கடைசியில் பீரோவை நகர்த்தி அந்த மரப்பலகையை இழுத்தோம். மேற்பக்கம் சுத்தம், சுவரைப் பார்த்த விளிம்பு கருத்து, ஊறிப்போய், நகம் பட்டால் நார் பிரிந்தது. ஒழுகியதெல்லாம் பூச்சில்லாத பச்சை மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. முதல் நாள் தவழ்ந்தபோது பலகையின் முன்விளிம்பை மட்டும் ஒற்றிவிட்டுப் பின்விளிம்பை விட்டது நான்தான். கலவையை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மேற்பரப்பு இரண்டு நாள் அடங்கியிருந்தது, மூன்றாம் நாள் உள்ளிருந்து எழுந்தது. மரத்தின் ஆழத்துக்கு வீட்டுக் கலவை போவதில்லை. பீரோவுக்கு அடியில் நான்கு செங்கல் வைத்துவிட்டு, பலகையை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் கொண்டுபோய்ப் போட்டோம். மாவு வியாபாரம் செப்டம்பருக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருவர் மட்டும் வரவில்லை.

பலகை இன்னும் மாடியில்தான் கிடக்கிறது. தெருக் கடுவன் இப்போது கேலரிக்கு வருவதில்லை, நேரே மாடிக்குப் போய் அந்தப் பலகையில் எழுதிவிட்டு வருகிறது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஏதோ நாறுகிறது, வந்து பாருங்கள் என்று போன வாரம் சொசைட்டி செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பாட்டியையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.